காலர் அக்கா வேலைக்குத் திரும்பிய ஒரு நாள்

பத்தொன்பது வருடம் ஒரே சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வயதில் மூத்த கட்டிங் மாஸ்டர்கூட அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சட்டையின் ஓரத்தில் தையல் ஒரு நூல் விலகினால் உள்ளே மடித்துச் சமாளித்துவிடலாம். காலர் அப்படியில்லை. முகத்துக்குக் கீழேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும். அவள் தைத்த காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது. மணிக்கு அறுபது காலர் தைப்பாள். பேச்சு மட்டும் குறைவு. "அக்கா தன் வாய்க்கும் சேத்துத் தையல் போட்டுக்கிட்டாங்க" என்று பட்டன் கேலி செய்வாள். பட்டன் எதிர் வரிசையில் பட்டன் துளை போடுகிறவள். இருபத்தெட்டு வயது, நாக்கில் நரம்பில்லாதவள், காலர் அக்காவுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

ஆர்டர் குறைகிறது, வெளிநாட்டுக்காரன் இன்னும் மலிவாகத் தைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டான் என்று ஒரு வருடமாகவே பேச்சு அடிபட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவர்களுடைய வரிசையின் சூப்பர்வைசர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். மிஷின் சத்தத்தில் குரல் எடுபடாது என்று எப்போதும் விசிலடித்துத்தான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பார். அதனால் அவருக்கு விசில் என்று பெயர். அன்று அவர் விசிலடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல் பெயர்களை வாசித்தார். இருநூற்று நாற்பது பேர். காலர் அக்காவின் பெயர் நடுவில் எங்கேயோ வந்தது. பட்டனுடையது கடைசிப் பக்கத்தில்.

சிலர் அழுதார்கள். பட்டன் அலுவலக அறைக் கதவை எட்டி உதைத்தாள். காலர் அக்கா பாதியில் நின்ற காலரை முடித்தாள், முனையைத் திருப்பினாள், மற்ற காலர்களோடு சேர்த்துக் கட்டினாள். மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பஞ்சைத் தட்டி, உறையைப் போட்டாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது அவள் குரல் கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி இருந்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன் அவன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சரி விடு. பாத்துக்கலாம்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம். முதல் சில வாரம் அவளும் பட்டனும் சேர்ந்து ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கினார்கள். எல்லா வாசலிலும் ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. பிறகு அவள் போவதை நிறுத்திவிட்டாள். காலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். சமைப்பாள், மூன்று டப்பாவில் சோறு கட்டுவாள். மூன்றாவது டப்பா தன்னுடையது என்பது மூடியை அழுத்தும்போதுதான் நினைவுக்கு வரும். மதியம் அதே டப்பாவைத் திறந்து அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் பள்ளி விட்டு வந்த மகள் கேட்டாள்: "அம்மா, டிவியே ஓடல. எதைப் பாத்துட்டு இருக்க?"

"சும்மாதான்" என்றாள். அவள் கண் டிவியின் மேல்தான் இருந்தது. எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை.

டிவி ஓடிய ஒரு சாயங்காலம் கணவன் கூப்பிட்டுக் காட்டினான். துணிக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கிறது; வேலைகளைக் காப்பாற்றத்தான் இந்தத் திட்டம் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையாக மிஷின்கள் தெரிந்தன.

"உங்க கம்பெனிக்கும் முதல் தவணை வந்துடுச்சாம். எதிர்வீட்டுக்காரர் சொன்னார். போன மாசமே வந்துடுச்சாம்."

"அப்படியா" என்றாள்.

"என்ன அப்படியா? கூப்பிட மாட்டாங்களா உன்னை?"

கூப்பிட்டார்கள். அடுத்த வாரமே விசில் போன் செய்தார். அவர் குரல் வழக்கத்தைவிடப் பணிவாக இருந்தது.

"அக்கா, செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நாள் வரணும். ரெண்டாவது தவணைக்கு கவர்மென்ட் ஆபீஸ்லேருந்து பாக்க வர்றாங்க. முந்நூறு பேர் வேலையில இருக்கணும்னு விதி. அன்னைக்குச் சம்பளம் கையில குடுத்துடுவாங்க."

"அதுக்கப்புறம்?"

"தவணை வந்துட்டா எல்லாரையும் திருப்பி எடுப்போம்னு முதலாளியே சொல்லியிருக்கார்க்கா."

செவ்வாய்க்கிழமை கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான்கு மாதம் பார்க்காதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார்கள். பட்டன் தலைக்குக் குளித்து, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "பாத்துக்கிட்டே இருங்கக்கா, ஒண்ணாந்தேதியிலேருந்து நாம பழையபடி" என்று காலர் அக்காவின் தோளில் இடித்தாள்.

தைக்கத்தான் எதுவும் இல்லை. கட்டிங் மாஸ்டர் மீதமாகிக் கிடந்த துண்டுத் துணிகளைக் காலர் வடிவத்தில் வெட்டி ஒரு கட்டு கொடுத்தார். நீலம், கோடு போட்டது, கொஞ்சம் படுக்கை விரிப்புத் துணியும்கூட. அவள் மிஷின்மேல் வேறு யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. துடைத்தாள். நூல் கோத்தாள். முதல் காலர் கோணலாகப் போனது. இரண்டாவதிலிருந்து கை வழிக்கு வந்துவிட்டது. சட்டையே இல்லாத காலர்கள் அவள் பக்கத்தில் அடுக்கடுக்காக ஏறின. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தைப்பதைத் தொடர்ந்தாள்.

பதினொரு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். கண்ணாடி போட்டவர், காலில் தேய்ந்த செருப்பு, கையில் அட்டையில் செருகிய படிவம். பின்னால் முதலாளியின் தம்பியும் விசிலும். ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தவர் காலர் அக்காவிடம் நின்றார். ஒரு காலரை எடுத்துப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. எத்தனை வருஷமா செய்யறீங்க?"

"பத்தொன்பது வருஷம்."

"இப்ப வேலையெல்லாம் நல்லா போகுதா?"

விசில் அவளைப் பார்த்தார். முதலாளியின் தம்பி செல்போனைப் பார்த்தார். போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் பொய் சொல்லவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒன்றை நினைத்து, இன்னொன்றை எடுத்து, அதை முகத்தோடு பொருத்தவேண்டும். அவளிடம் அது இல்லை. இருந்ததுதான் வெளியே வந்தது.

"வேலை இல்லைங்க. நாலு மாசம் முன்னாடி நிறுத்திட்டாங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குக் கூப்பிட்டாங்க, வந்தோம்."

அக்கம்பக்கத்து மிஷின்கள் நின்றன. எதிர் வரிசையில் பட்டனின் வாய் திறந்தபடி இருந்தது.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் முகத்தில் கோபமோ ஆச்சரியமோ தெரியவில்லை. இதே பதிலை இதற்கு முன்னும் எங்கேயோ கேட்டவர்போல இருந்தார். படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்கம்மா. சோதனை நாளில் பணியில் உள்ளோர் எண்ணிக்கை. இதுதான் இருக்கு. நேத்து யார் இருந்தாங்க, நாளைக்கு யார் இருப்பாங்கன்னு கேட்கல. நான் எழுதறதுக்கு இடமே இல்லை."

"சரிங்க" என்றாள் காலர் அக்கா.

"நீங்க இன்னைக்கு இருக்கீங்கல்ல?"

"இருக்கேன்."

அவளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு அதிகாரியம்மா அடுத்த மிஷினுக்குப் போனார். முந்நூற்றுப் பத்து பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

சாயங்காலம் வாசலில் பட்டன் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொன்பது வருஷமா வாயைத் திறக்காதவங்க இன்னைக்குத்தான் திறக்கணுமா? இத்தனை பேர் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டீங்களே!"

"வாயில வந்துடுச்சு" என்றாள் காலர் அக்கா.

"வந்தா முழுங்க வேண்டியதுதானே? என் பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்?"

பட்டன் அழுதுகொண்டே போனாள். விசில் பின்னாலிருந்து வந்து சம்பள உறையை நீட்டினார். "விடுங்கக்கா. உங்களால ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். உறையை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

உண்மையில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டாவது தவணை மூன்றே வாரத்தில் வந்தது. அந்தப் பணத்தில் லாரியில் வந்து இறங்கியவை புது மிஷின்கள். துணியை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் காலராக வந்து விழுமாம், முனைகூடத் தானே திருப்பிக்கொள்ளுமாம். கட்டிங் மாஸ்டர் தெருவில் பார்த்தபோது சொன்னார்: "பரவாயில்லாமதான் தைக்குது காலர் அக்கா. உங்க மாதிரி இல்லை. ஆனா பரவாயில்லை." திருப்பி எடுக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர். பட்டனுக்கு அதில் இடம் கிடைத்தது, மிஷினுக்குத் துணி வைக்கிற வேலை. அன்று காலர் அக்கா வாயை விட்டதால்தான் அவளைச் சேர்க்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். மிஷின் வந்தபிறகு காலர் தைக்கிறவளை வைத்து என்ன செய்வார்கள் என்று கணவன் சொன்னான். எது சரி என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை. விசிலின் பெயர் அடுத்த தாளில் வந்தது. வாசித்தது வேறு யாரோ.

மழைக்காலம் தொடங்கியபோது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கணவன் வேனில் வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் மூலமாகக் கேள்விப்பட்டுச் சொன்னான். போனாள், மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். உலர்த்தும் எந்திரத்திலிருந்து வருகிற விரிப்புகளை மடித்து அடுக்குவது வேலை. சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அங்கே அவளை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை; "இங்க பாருங்க" என்பார்கள், அவள் பார்ப்பாள்.

பட்டன் ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். கொஞ்சநேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து டீ குடித்தாள். கோபம் என்று தனியாக எதுவும் மிச்சமில்லை. "அங்க பேச்சுத்துணைக்கு ஆளே இல்லைக்கா. மிஷின்கிட்டயா பேசறது?" என்றாள்.

"நான் மட்டும் என்ன பேசினேன்? நீதானே பேசுவ."

பட்டன் சிரித்துவிட்டாள். காலர் அக்காவும் உதட்டை இழுத்தாள். சிரிப்பு அந்த அளவில் நின்றுவிட்டது.

பட்டன் போனபிறகு, பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே மகள் கேட்டாள்.

"அம்மா, புது வேலை பிடிச்சிருக்கா?"

காலர் அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"துணி கைக்கு வர்றப்ப சூடா இருக்கு" என்றாள்.