கோஸ்டா ரிக்காப் பெட்டிகள்

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வாழைப்பழத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. அப்பா ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழக் கிடங்கில் வேலை செய்தார். கடைக்கு அனுப்ப லாயக்கில்லை என்று கழித்து வைக்கும் பழங்களை வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டு போகலாம். தோலில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலே இந்த நாட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள். அந்தப் புள்ளியின் தயவில்தான் நான் வளர்ந்தேன். அம்மா காயைப் பொரிப்பார், குழம்பு வைப்பார், கனிந்ததை மாவோடு பிசைந்து சுட்டுத் தருவார். பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று வகுப்புக்கே தெரியும்.

அப்பாவின் வேலை எனக்கு மந்திரவாதியின் வேலை போலத் தோன்றியது. கோஸ்டா ரிக்காவில் காயாக வெட்டிப் பெட்டியில் அடைத்து, குளிரூட்டிய கொள்கலனில் வைத்து, கடல் தாண்டி அனுப்புவார்கள். வழியில் பழுத்துவிடாமல் இருப்பதற்காக அதற்குள் குளிரையும் காற்றையும் அளந்து வைத்திருப்பார்கள். இங்கே வந்ததும் அப்பா அந்தப் பெட்டிகளைப் பெரிய அறைகளில் அடுக்கி, வாயு செலுத்தி, கதவைப் பூட்டிப் பழுக்க வைப்பார். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? காய்களை அங்கே நித்திரையாக்கி ஏற்றுகிறார்கள், இங்கே எழுப்புவது தன் வேலை என்று அப்பா சொல்லிவைத்தார். நல்ல விளக்கம்தான். ஆனால் பிள்ளைகளிடம் எதையும் அவ்வளவு அழகாகச் சொல்லக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் அவரைக் கனடாவுக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார்கள். ஏஜென்சிக்காரன் அவரை எந்தெந்த நாட்டின் ஊடாகவோ கொண்டு போய், கடைசியில் கோஸ்டா ரிக்காவில் ஒரு வீட்டில் இருத்திவிட்டு, வடக்கே போக வழி வந்ததும் வருகிறேன் என்று போனவன்தான். அதற்குப் பிறகு அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. சித்தப்பா ஒரு வாழைத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெட்டி வந்த சீப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவிப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை வாங்கி எங்களோடு கதைப்பார். இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் எப்போதும் சிரித்தபடி இருக்கும். நான் அவரை நேரில் கண்டதே இல்லை. இருந்தாலும் என் அரைவாசிக் கதைகள் அவருக்குத்தான் சொல்லப்பட்டன. ஒருமுறை அவர், "பிள்ளை, நான் கழுவிற காய் உன்ரை கொப்பற்றை கையுக்குத்தான் வருது. ஒண்டைத் தோல் உரிக்கேக்கை சித்தப்பாவை நினைக்கவேணும், என்ன?" என்றார். அன்றிலிருந்து கோஸ்டா ரிக்கா என்று அச்சடித்த பெட்டி வீட்டுக்கு வந்தால் நான் முதலில் அதை மோந்து பார்ப்பேன். மட்டையின் மணமும் ஈரத்தின் மணமும் வரும். அதுதான் சித்தப்பாவின் மணம் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் துறைமுகம் பற்றிப் பாடம் நடந்தது. ஆசிரியை உலகப் படத்தை விரித்து, கோஸ்டா ரிக்காவையும் ஜெர்மனியையும் இரண்டு அம்புக்குறிகளால் இணைத்தார். அங்கிருந்து இங்கே வாழைப்பழம், அன்னாசி, கோப்பி. இங்கிருந்து அங்கே இயந்திரங்கள், மருந்து, வாகனங்கள். அயல் வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் கறிக் கிண்ணம் மாற்றிக்கொள்வது போல இரண்டு நாடுகளும் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டிருந்தன. நான் பெருமையோடு கையை உயர்த்தி, அங்கே பெட்டியில் அடுக்குவது என் சித்தப்பா, இங்கே பெட்டியைத் திறப்பது என் அப்பா என்று சொன்னேன். ஆசிரியை மகிழ்ந்துபோய், எங்கள் குடும்பமே ஒரு வர்த்தகப் பாதை என்றார். வகுப்பு கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த அழைப்பில் அப்பா சத்தம் போட்டார். அதுவரை அவர் தம்பியிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தோட்டத்தில் பொலிஸ் வந்து விசா இல்லாத ஆட்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டதாம். ஹம்பேர்க் போகும் கொள்கலன் ஒன்றில் ஒளிந்து ஏறுவதற்குச் சில பெடியன்கள் வழி பார்த்து வைத்திருக்கிறார்களாம். சித்தப்பாவும் அவர்களோடு வரப்போகிறாராம். பெட்டியைத் திறக்கிற இடத்தில் அண்ணன் இருக்கும்போது என்ன பயம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அப்பா இருந்த வாங்கைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

"டேய், அது காய்க்குச் செய்த குளிர். மனிசருக்கில்லை. உள்ளுக்கை மூச்சு விடக் காத்தும் இராது. கடல் தாண்டி முடிய ரெண்டு கிழமையடா. என்ரை கையாலை உன்னை அதுக்குள்ளையிருந்து தூக்க வைக்காதை."

அதோடு அட்டை முடிந்து இணைப்பு அறுந்துபோனது. சித்தப்பா கடைசியாக ஓம் என்றாரா, இல்லை என்றாரா என்று அம்மா கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்பாமேல் கடுங்கோபம். இவ்வளவு தூரம் வர ஆசைப்படுகிற தம்பியை வராதே என்று ஏசுகிற அண்ணன் எங்கேயாவது இருப்பாரா? எங்கள் வீடு சின்னது, இருப்பது இரண்டே அறை, அதுதான் அப்பாவின் கவலை என்று நினைத்தேன். மூச்சைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய்களை நித்திரையாக்கி ஏற்றுகிறார்கள், அப்பா எழுப்புகிறார். சித்தப்பாவும் நித்திரையாக வருவார், அப்பா எழுப்புவார். இதிலே என்ன கஷ்டம்?

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தோட்டத்து இலக்கத்துக்கு அப்பா எடுத்துப் பார்த்தார். யாரோ ஸ்பானிஷில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். பிறகு அப்பா வேலைத்தலத்தில் செஃப் என்கிற மேலாளரிடம் போய், பழுக்க வைக்கும் அறையை விட்டு, கொள்கலன் இறக்குகிற பகுதிக்குத் தன்னை மாற்றும்படி கேட்டார். அது குளிரில் நின்று முதுகு முறியச் செய்கிற வேலை. ஒருவரும் விரும்பிக் கேட்பதில்லை. கோஸ்டா ரிக்காவிலிருந்து கப்பல் வந்தால் விடுமுறை நாளிலும் போய்விடுவார். கதவைத் தானே திறக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

அப்பாவுக்குப் புத்தி வந்துவிட்டது, தம்பியை வரவேற்கத்தான் முன்னுக்குப் போய் நிற்கிறார் என்று எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. என் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, பக்கத்தில் சித்தப்பா படுக்க இடம் விட்டேன். அப்பாவின் பழைய தடித்த ஜாக்கெட்டை அவருடைய வேலைப் பைக்குள் மடித்து வைத்தேன். குளிருக்குள்ளால் வருகிறவருக்கு உடனே போட ஏதாவது வேண்டுமல்லவா? அப்பா பையைத் திறந்து அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு அம்மா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் வெளியே வராமல் இருந்தார்.

அந்த நாட்களில்தான் இன்னொரு பழக்கமும் தொடங்கியது. கோஸ்டா ரிக்காக் கொள்கலன் திறந்த ஒவ்வொரு நாளும் அப்பா அதிலிருந்து ஒரு பச்சைச் சீப்பைக் கேட்டு வாங்கி வந்து பிள்ளையார் படத்துக்கு முன் வைப்பார். சாமிக்கு யாராவது காயைப் படைப்பார்களா என்று அம்மா கேட்டார். கழித்த பழத்தில் நல்லதாக ஒரு சீப்பு எடுத்து வந்தால் என்ன என்றும் கேட்டார். அந்தக் கொள்கலனில் வந்ததைத்தான் வைக்க வேண்டும், அதுதான் நேர்த்திக்கடன் என்றார் அப்பா. காய் பிள்ளையாருக்கு முன்னாலேயே இருந்து மெல்ல மஞ்சளாகும். அது முழுதாய்ப் பழுக்க முன்னம் அடுத்த கப்பலின் சீப்பு வந்துவிடும். சித்தப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பிள்ளையாருக்குக் கொடுக்கிற கைக்கூலி அது என்று நான் நினைத்தேன். பிள்ளையார் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

நத்தார்ப் பண்டிகை விடுமுறையில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அம்மாவுக்கு டெர்மின் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அப்பா வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். செஃப் என்னைச் சாப்பாட்டு அறையில் இருத்தி, சூடான கக்காவோப் பால் வாங்கித் தந்தார். அந்த அறையின் கண்ணாடி வழியே கொள்கலன்கள் வந்து நிற்கும் மேடை தெரியும். ஒரு வெள்ளைக் கொள்கலன் பின்பக்கமாக வந்து மேடையோடு ஒட்டி நின்றது. இடையில் யாரும் திறந்த அடையாளம் உண்டா என்று அப்பா கதவின் முத்திரைக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வெட்டிக் கதவைத் திறந்தார்.

வழக்கமாகப் பெட்டிகள் கூரை வரைக்கும் நேராக அடுக்கியிருக்கும். இதில் முன்வரிசை சரிந்து, நசுங்கிப்போய்க் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு இருட்டு இடைவெளி. அப்பாவோடு வேலை செய்த துருக்கிக்காரர் உள்ளே போக அடியெடுத்து வைத்தார். அப்பா அவர் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார். எனக்கு விளங்கிவிட்டது. கக்காவோவைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

"சித்தப்பா! எழும்புங்கோ, நாங்கள் வந்திட்டம்!"

அப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. துருக்கிக்காரர் ஓடிவந்து என்னைத் தூக்கி, என் முகத்தைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் உதைத்தேன், திமிறினேன். அப்பா ஒவ்வொரு பெட்டியாகக் கையால் தூக்கி வெளியே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"ஒருத்தரும் இல்லை" என்று அப்பா முதலில் தமிழில் சொன்னார், பிறகு ஜெர்மனில் சொன்னார். பெட்டிகள் கடல் ஆட்டத்தில் சரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். துருக்கிக்காரர் என்னை இறக்கிவிட்டார். அப்பா மேடையின் ஓரத்தில் இருந்துகொண்டு சிரித்தார். கண்ணீர் தாடையால் வழிய, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். துருக்கிக்காரரும் பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தடவினார். நான் மட்டும் சித்தப்பா வரவில்லையே என்று தரையில் விழுந்து அழுதேன். தம்பி வரவில்லை என்று சிரிக்கிற ஒரு மனிதரை நான் அன்றுதான் கண்டேன். அவரோடு கதைப்பதில்லை என்று முடிவு செய்தேன். எஸ்-பான் ரயிலில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தேன்.

அன்று மாலையும் அப்பா பச்சைச் சீப்பை வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். நான் கோபத்தோடு பக்கத்தில் போய் நின்று, அடுத்த கப்பலிலாவது சித்தப்பா இருக்க வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக் கேட்டேன். அப்பாவின் குரல் மெல்லக் கேட்டது.

"இதிலையும் அவன் இல்லை. நன்றியப்பா. அடுத்ததிலையும் இருக்கக்கூடாது."

பிள்ளையாரிடம் இப்படிக் கேட்கிற அண்ணனும் உண்டா என்று நான் கண்ணைத் திறந்து அப்பாவை முறைத்துப் பார்த்தேன். அவர் கைகள் அப்போதும் குவிந்தபடியே இருந்தன.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அப்பா அந்த மேடையில் நின்றார். எந்தக் கொள்கலனிலும் சித்தப்பா வரவில்லை. வேறெந்த வழியாலும் அவரைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. ஒரே பிள்ளையாரிடம், பக்கத்தில் பக்கத்தில் நின்று, எத்தனை மாலைகள் நாங்கள் எதிரெதிராகக் கேட்டிருக்கிறோம். நான் கேட்டது எதை என்று அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் ஒருநாளும் என்னை அங்கிருந்து போகச் சொல்லவில்லை.