சரக்கைச் சுட மறுத்த கதாநாயகன்

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் மூன்று தடவை செத்துப்போனார்.

பதறாதீர்கள். பொட்டு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். செத்தது வீடியோ கேம் மெஷினில்... ஏர்கண்டிஷன் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில், கையில் பசாரில் காய்கறி வாங்கிய பையோடு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

புதிதாக வந்திருக்கும் மெஷின் அது. அந்தக் காலத்துச் சண்டைப் படங்களுக்குச் செலுத்தும் மரியாதையாம் — முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மரியாதை என்றால் எப்படி? கதாநாயகனுக்குச் சட்டை கிழியும், சீவிய தலை கலையாது. துப்பாக்கியில் குண்டு தீராது. எதிரிகள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வரிசையில் வந்து சாவார்கள். பழைய படங்களில் எதையெல்லாம் பார்த்துச் சிரித்தோமோ, அதையெல்லாம் பக்தியோடு பொறுக்கி எடுத்து நம்மையே டோக்கன் வாங்க வைக்கிறார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்!

இவருக்கு அது போதாதா? எழுபதுகளில் எங்கள் தீவில், ஜார்ஜ் டவுன் தியேட்டர்களில் சட்டைப் பொத்தான் அறுந்துபோக முண்டியடித்து டிக்கெட் வாங்கியவர். இப்போது துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. உடைந்து வருகிற சரக்குக்கு யார் பொறுப்பு என்று விசாரிப்பதுதான் வேலை. ஆனால் உலகத்தைப் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படங்கள் சொல்லிக்கொடுத்தது. நல்லவனைப் பார்த்தாலே தெரியும். கெட்டவன் சிரித்தாலே தெரியும். கோலாலம்பூர் — எங்கள் வாயில் கே.எல். — கெட்டவர்கள் மட்டுமே வாழும் ஊர்.

இந்தக் கடைசி ஞானத்தில்தான் எங்கள் வீட்டில் பிரச்சினை. மகள் மாலதிக்கு அங்கே கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஃபெர்ரி ஏறி எதிர்க்கரை பட்டர்வொர்த் போனாலே வெளிநாடு போகிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்கிற மனிதர், மகளை அவ்வளவு தூரம் விடுவாரா?

"கே.எல்.ல ஒரு பொண்ணு தனியா இருந்தா என்னென்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"எப்படிப்பா தெரியும்? நீங்க அங்க போனதே ஒரு கல்யாணத்துக்குத்தானே!"

"படத்துல பாத்திருக்கேன் லா."

இதற்குமேல் என்ன வாதாடுவது? கெட்டவன் கறுப்புக் கண்ணாடியோடு கே.எல்.லில் காத்திருக்கிறான் என்று நம்பியே நாம் எத்தனை பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம்! மாலதி சாப்பாட்டு மேஜையில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அந்த மெஷின் முன்னால் இவர் நின்றுவிட்டார். முகத்தில் அப்படி ஒரு களை. மாலதி சட்டென்று அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஆட்டம்பா. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம், ஆளுக்கு மூணு உயிர். கடைசில யார் நிக்கிறாங்களோ அவங்க சொல்றதுதான். நான் நின்னா கே.எல். போறேன். நீங்க நின்னா அதப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்."

ஒரு பெண்ணின் படிப்பை முடிவு செய்ய எவ்வளவு பொருத்தமான இடம் பாருங்கள் — இந்தப் பக்கம் ஐஸ் கச்சாங் கடை, அந்தப் பக்கம் செருப்புக் கடை.

முதல் எதிரி ஓடிவந்து இவரை ஓங்கி அறைந்தான். இவர் பட்டனைத் தொடவே இல்லை. இன்னொரு அறை.

"என்னங்க, திருப்பி அடிங்க!" என்று நானே கத்திவிட்டேன்.

"பொறு. மொதல்ல மூணு அடி அவன் அடிக்கட்டும். அப்பத்தான் நியாயம் நம்ம பக்கம்."

நியாயம் இவர் பக்கம் வந்து சேர்வதற்குள் முதல் உயிர் போய்விட்டது.

அடுத்த கட்டம், துறைமுகக் கிடங்கு. இந்த மாதிரிப் படங்களில் சண்டை வேறு எங்கே நடக்கும்? எங்கு பார்த்தாலும் மரப்பெட்டிகள். பெட்டியைச் சுட்டு உடைத்தால் உள்ளே மருந்தும் பெரிய துப்பாக்கியும் கிடைக்கும். சும்மா நின்று வேடிக்கை பார்த்த எனக்கே இது புரிந்துவிட்டது.

"பெட்டிய சுடுங்கப்பா!"

"சரக்கும்மா அது! உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"அப்பா, இது கேம்!"

"கேமா இருந்தா என்ன? சீல் வெச்ச பெட்டியில கிராணி கை வெக்கக்கூடாது."

ஒரு பெட்டிக்கும் சேதமில்லாமல், கையில் சின்னத் துப்பாக்கியோடு, கதாநாயகன் கடமையில் உயிர்விட்டார்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுட்டதில் மாலதிக்கும் இரண்டு உயிர் போயிருந்தது. ஆளுக்கு ஒன்றுதான் பாக்கி. அப்போது மேலே ஹெலிகாப்டர் வந்தது, அதில் பெரிய வில்லன். வழக்கம்போலச் சிரித்தான். இவர் காத்திருந்தார். வில்லன் சிரித்து முடிக்கும்வரை கதாநாயகன் சுடக்கூடாதாம், அதுவும் ஒரு சட்டம்! வில்லனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே இவரை நோக்கி ராக்கெட்டை விட்டான்.

மாலதி சும்மா நின்றால் போதும். அப்பாவின் ஆட்டம் முடியும், இவள் பெட்டி கட்டலாம்.

அவள் சும்மா நிற்கவில்லை. ஸ்டிக்கைத் திருகி, குதித்து, இவருக்கு முன்னால் போய் விழுந்தாள். ராக்கெட் அவள்மேல் வெடித்தது. அவளுடைய ஆள் திரையிலிருந்து காணாமல் போனான்.

பந்தயப்படி இவர் ஜெயித்துவிட்டார்.

"ஏம்மா குறுக்க வந்த? கம்முனு நின்னிருந்தா நீதானே ஜெயிச்சிருப்ப?"

"தெரியலப்பா. உங்க மேல வந்துச்சு... போயிட்டேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வராதா பின்னே? ஒரு குதியில் படிப்பே போய்விட்டதே!

இவர் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். அடுத்த ராக்கெட் வந்தது. நகரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். வெடித்து முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார்.

"திங்கக்கெழம காலைல நானே போன் போட்டுச் சொல்றேன், என் மக வரான்னு."

இந்த மனிதர் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் ஜெயித்த கையோடு! அந்த நிமிடம் இவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதை நிம்மதியாக அனுபவிக்க விட்டாரா? வீடு திரும்பும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை போனும் போட்டாயிற்று, மாலதி துணிமணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இவரோ பக்கத்து வீட்டில், ஆபீசில், கோயிலில் — பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு வந்த குண்ட என் மக வாங்கிக்கிட்டா லா! எந்த வீட்டுல இப்பிடி நடக்கும் சொல்லுங்க?"

ஏன், இதே வீட்டில்தான்! கல்யாணமான நாளிலிருந்து இவருடைய அக்காமார் இவரைக் குறிபார்த்து விட்ட ஏச்சுப்பேச்சையெல்லாம் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டவள் நான்... எனக்காக மட்டும் யாரும் ஆட்டத்தை நிறுத்தியதில்லை.