சுகமாய்த் திரும்பினோம் என்று சொன்ன பொய்

வலது முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு தேமல். கிள்ளினால் உறைக்கவில்லை. அப்போது நாங்கள் மலாயாவில் இருந்தோம். ரப்பர் தோட்டத்து ஜனங்களிடம் ஊழியம் செய்யச் செங்கல்பட்டிலிருந்து போன குடும்பம். போர் நடந்தது. ஜப்பான்காரன் ஆட்சி.

"முழுக்கை ரவிக்கை போட்டுக்கோ. சப்பான்காரன் இத்த பார்த்தா நோயாளின்னு உன்ன தனியா இட்டுனு பூடுவான்" என்றார் என் கணவர். மகள் கிரேசுக்கு நான்கு வயது. மறைத்தேன். அன்று அது சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் ஊர் திரும்பிய பிறகும் மறைத்தேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கர்த்தர் எங்களை ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டுவந்தார் என்று இவர் சபை சபையாகச் சாட்சி சொன்னார். செய்யூர் வரை போனோம். பக்கத்தில் முழுக்கையோடு நான் நின்றேன். ஜனங்கள் அழுதார்கள்.

"கூட்டமெல்லாம் முடியட்டும், அப்பால டாக்டராண்ட போலாம்" என்றார். கூட்டம் முடியவே இல்லை.

ஒரு நாள் அடுப்படியில் கருகல் வாடை. என் விரல்கள்தான்.

"தொழுநோய். முன்னாடியே வந்திருந்தா விரல் நின்னிருக்கும்" என்றார் டாக்டர். இரண்டு விரல் போயிற்று. சல்ஃபோன் மாத்திரை தந்தார்கள். மாதாமாதம் ஸ்மியர் (காது மடலில் கீறிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை).

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் படாளத்துக்காரி ஒருத்தி. "இன்னாக்கா, சப்பான்காரனயே ஏமாத்திட்டு வந்த, இத்த ஏமாத்த முடியலியா?" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை நிற்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி விரல்களால் கிரேசுக்குத் தலை பின்னினேன். அவள் கழுத்துக்குக் கீழே அதே தேமல்.

"ஞாயித்துக்கெழம மாமல்லபுரத்துல கூட்டம் கீது. அது முடியட்டும்" என்றார் இவர்.

"நீங்க போய் சாட்சி சொல்லுங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா சொல்லும்மா." கன்னத்தில் வைத்ததும் சொன்னாள். தோளிலும் சொன்னாள். பிறகு தேமல்மேல் வைத்தார். பஞ்சு அங்கேயே இருந்தது.

"இன்னும் தொடலியா டாக்டர்?" என்று கேட்டாள்.

சீக்கிரம் வந்துவிட்டீர்கள், விரல் போகாது என்றார் டாக்டர். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உணர்ச்சியில்லாத தேமலைப் பார்த்தால் அன்றைக்கே போங்கள். யாருடைய கூட்டத்துக்காகவும் காத்திருக்காதீர்கள்.

எனக்கு இப்போது வருஷம், பண்டிகை எதுவும் கணக்கில்லை. ஒரு ஸ்மியர் நாள், அடுத்த ஸ்மியர் நாள், அவ்வளவுதான். வரிசையில் இருவரும் நிற்கிறோம். கிரேஸ் என் கையைப் பிடித்திருக்கிறாள். குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.