மாமா திருப்பிவைத்த பீரங்கி

எழுபதுகளில், ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சங்கரன்கோவில் ரத வீதியில் நான் ஒரு டாங்கி ஓட்டினேன். சிரிக்க வேண்டாம். சுதந்திர தின ஊர்வலத்துக்காக மாட்டுவண்டியில் மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டி, பச்சைப் பெயின்ட் அடித்த டாங்கி அது. கட்டியவர் என் தாய்மாமா. சண்டையில் நிஜ டாங்கியில் பீரங்கி சுட்டவர். பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

ஆவடியிலேயே டாங்கி செய்கிற காலம் வந்துவிட்டது. மாமா இருந்ததோ பழைய சீமை டாங்கி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இலையில் சோறு ஆறிப்போகும். முன்பக்கம் கனத்த இரும்பு, பின்பக்கம் இன்ஜின், மேலே பீரங்கியோடு சுழலுகிற கூண்டு, அதற்குள் மூன்று பேர். டிரைவர் மட்டும் முன்னால் தனிக் குழியில். அவருக்குத் தனி மூடி. எங்கள் டாங்கிக்கு நான்தான் டிரைவர். முதல் பரிசு எனக்குத்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

வினை பீரங்கியில் வந்தது. தகரக் குழாயை நேராக நீட்டிக் கட்டினால் அது என் குழியின் மூங்கில் தட்டி மூடிக்கு மேலே வந்து நின்றது. மாமா அதைப் பக்கவாட்டில் திருப்பினார். நான் நேராக்கினேன். அவர் மறுபடியும் திருப்பினார்.

“எதிரி எதுக்கதான மாமா வருவான்? வயக்காட்டப் பாத்தா சுடுவாக?”

“டிரைவர் மூடிக்கு மேல பீரங்கி நிக்கக் கூடாதுட்டி. மூடி திறக்காது.”

“நான் எதுக்குத் திறக்கப் போறேன்?”

மாமா குழாயை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார். உடும்புப் பிடி எங்கள் குடும்பத்துச் சொத்து. என் பங்கும் குறைவில்லை. நேரே போய்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஊர்வலத்தன்று காலையில் அவர் தன் கையாலேயே குழாயை நேராக்கி, அசையாதபடி கயிறு போட்டார். நான் குழிக்குள் இறங்கி மூடியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கோயில் வாசலில் கூட்டத்தோடு நின்ற மாமா அதைப் பார்த்திருக்கிறார். ஓடிவந்து வண்டியில் ஏறினார். கயிற்றை அறுத்துக் குழாயைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அது பிய்ந்து தெருவில் விழுந்து உருண்டது. ஜனம் கைதட்டிச் சிரித்தது. மாமா மூடியைத் தூக்கினார்.

“வெளிய வா மக்கா.”

“வர மாட்டேன், போங்க.”

“வா மக்கா, வா” என்று கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி இறக்கிவிட்டார். இறக்கிய பிறகும் என் கையை விடவில்லை. கோபம் என்று நினைத்தேன். பரிசு கைத்தறி வைத்து ஜோடித்த இன்னொரு வண்டிக்குப் போயிற்று. இப்படியும் ஒரு மனுஷன் பிடிவாதம் பிடிப்பாரா என்று அம்மாவிடம் அழுதேன். தீபாவளி வரை மாமாவோடு நான் பேசவில்லை.

மாமா காலமான பிறகு, அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் துக்கம் கேட்க வந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். குண்டு பட்டு டாங்கி தீப்பிடித்தபோது பீரங்கி டிரைவரின் மூடிக்கு மேலே நின்றிருக்கிறது. கூண்டைத் திருப்பும் மோட்டார் நின்றுவிட்டது. கூண்டில் இருந்த மற்ற இருவரும் குதித்துவிட்டார்கள். மாமா மட்டும் உள்ளேயே உட்கார்ந்து கூண்டைக் கையால் திருப்பும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாராம், கீழே டிரைவர் மூடியைத் தட்டுகிற சத்தம் நிற்கும் வரைக்கும்.