சிம்பு பிரித்த பூமருது

எங்கள் போடி வீட்டுக் கொல்லையில் ஒரு பூமருது இருந்தது. மரமாகிற ஜாதி இல்லை, குட்டை ரகம். முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் தரையோடு தரையாகப் பரவும். சித்திரை பிறந்துவிட்டால் கசங்கிய பட்டுத்துணி மாதிரி ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். அப்போது ஊரில் வேறு யார் வீட்டிலும் அதை நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கொண்டுவந்தவர் என் கணவர். எழுபதுகளின் கடைசி, எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. குரங்கணிக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காடு உண்டு. வாரத்தில் நாலு நாள் அவர் அங்கேதான். ஏலக்காட்டுக்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. நன்றாகக் காய்க்கிற தூரைப் பார்த்தால் அதன் பக்கக் கன்றான சிம்பு ஒன்றை வேரோடு பிரித்து வந்து தங்கள் காட்டில் நட்டுவிடுவார்கள். யாரையும் கேட்பதில்லை, யாரும் அதைக் களவு என்று சொல்வதுமில்லை. அந்தக் கை ஏலத்தோடு நிற்காது. ரோஜா, செவ்வந்தி, காப்பி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிரிக்கும்.

ஒரு நாள் ஜீப்பிலிருந்து சாக்கில் சுற்றிய மண்கட்டியோடு இறங்கினார். ஒற்றையடிப் பாதையோரம் பூத்துக் கிடந்ததாம், பக்கத்தில் வீடு வாசல் எதுவும் இல்லையாம், ஓரத்தில் ஒரு சிம்பு தனியாக வேர் விட்டிருந்ததாம். உனக்குத்தான் பூ என்றால் உயிராயிற்றே என்றார். புதுப் பெண்டாட்டி, உருகிப்போனேன்.

துவைகல்லுக்குப் பக்கத்தில் குழி எடுத்து நானே வைத்தேன். வைக்கும்போது மண்கட்டி விண்டது. உள்ளே ஒரு கருவளையல் துண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணேறு படாமல் இருக்கக் கையில் போட்டுவிடுவோமே, அந்தக் கறுப்புக் கண்ணாடி வளையல். வளைவைப் பார்த்தாலே பிள்ளைக் கை அளவு தெரிந்தது. மலையில் வளையல் துண்டுக்கா பஞ்சம் என்று செடியோடு சேர்த்து மூடிவிட்டேன்.

அந்த ஐப்பசியில் எனக்கு மூன்றாம் மாதக் கரு கலைந்தது. அதையும் செடியையும் அன்று நான் முடிச்சுப் போடவில்லை.

செடி பிடித்துக்கொண்டது. ஆனால் வட்டமாகப் பரவவில்லை. தெற்கும் வடக்குமாக நீண்டது. தெற்குப் பக்கம் கொஞ்சம் உருண்டையாகத் திரண்டும், வடக்குப் பக்கம் இரண்டு கிளையாகப் பிரிந்தும் கிடந்தது. கவாத்து செய்தால் நன்றாகப் பூக்கும் என்று ஒவ்வொரு தையிலும் ஒட்ட வெட்டுவேன். பங்குனிக்குள் அதே நீளம், அதே அகலம், அதே இரண்டு கிளை. துவைக்கிற தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடுகிறது, வேர் அதன் பின்னால் போகிறது என்று என் கணவர் விளக்கம் சொன்னார். சொன்னவர் கொடிக்குத் துணி எடுத்துப் போகும்போது அதைச் சுற்றித்தான் போவார். தாண்டமாட்டார். நானும் தாண்டியதில்லை. எதற்கும் பயப்படாதவள் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் கால் தானாக விலகிவிடும். சுவர் தாண்டி வந்து என் மல்லிகையை மொட்டையடித்த பக்கத்து வீட்டு ஆடுகள்கூட அதில் ஓர் இலையைக் கடித்ததில்லை.

மூன்றாம் வருஷம் எனக்கு மறுபடி தங்கியது. ஐந்து மாதம் ஆனபோது ஆவணி. முதல் பறிப்புக் காய் மலையிலிருந்து இறங்கியதும், தரம் பிரித்துப் பொறுக்க நாலு பெண்கள் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். மூன்று பேர் பழையவர்கள். நாலாவது அக்கா புதிது. நாற்பது வயதிருக்கும். எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தவள், இப்போதுதான் போடிக்கு இறங்கி வந்திருந்தாள். கை மட்டும் வேலை செய்யும், வாய் பேசாது.

முதல் நாள் மத்தியானம் மற்றவர்கள் முற்றத்திலேயே தூக்குவாளியைத் திறந்தார்கள். இந்த அக்கா மட்டும் கொல்லைக்குப் போனாள். நெடுநேரம் வராததால் எட்டிப் பார்த்தேன். பூமருதுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, அதற்கு முகம் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் குடித்த மிச்சத் தண்ணீரைச் செடியில் ஊற்றினாள். வேரில் இல்லை, அந்தத் தெற்கு உருண்டையில் ஊற்றினாள். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்தேன், அதற்கு மேல் எனக்கு ஆகாது. என்ன சங்கதி என்று நேராகவே கேட்டேன்.

அவள் நிமிராமல் சொன்னாள். லயத்தில் இருந்தபோது அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். எஸ்டேட் பங்களாவில் இந்தச் செடி வரிசையாக இருந்ததாம். பிள்ளை தினம் ஓடிப்போய்ப் பூவைப் பறிக்கும். பங்களாவில் திட்டுவார்கள், இவள் பிள்ளையை அடிப்பாள். காய்ச்சல் வந்த அன்று காலையிலும் அடித்திருக்கிறாள். ஜீப் கிடைத்துக் கீழே கொண்டுவருவதற்குள் பிள்ளை போய்விட்டது. பாதைக்கு மேலே ஒதுக்கமான ஓர் இடத்தில் புதைத்து, பங்களாவிலிருந்து ஒரு சிம்பு வாங்கி அதன்மேல் வைத்தாளாம். பிறகு ஒரு மழையில் மலை சரிந்து அந்தச் சரிவே பள்ளத்துக்குப் போய்விட்டது.

“தெக்க தல வச்சுத்தான் தாயி கெடத்துனேன். மேல அவ வளவியில ஒண்ண ஒடச்சுப் போட்டேன். இப்ப ஒண்ணுமில்ல. இந்தச் செடி ஒங்களுக்கு எங்க கெடச்சுச்சு?”

என் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும், வருஷக் கணக்காக நான் பிணக்குழிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடும். வீட்டுக்குத் தெரிந்தால் பிடுங்கி எரிப்பார்கள். போன கருவுக்கும் இதுதான் காரணம் என்பார்கள். இருக்கிற கருவுக்கு என்ன ஆகுமோ. பயம்தான், வேறொன்றுமில்லை.

“வெலைக்கு வாங்குனதுக்கா. பெரியகுளத்துப் பக்கம்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகும் அங்கேதான் சாப்பிட்டாள், தண்ணீரும் ஊற்றினாள். ஆனால் ஓர் இலையைத் தொடவில்லை. அன்று இரவிலிருந்து நான் கொல்லைக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாளும் போட்டேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து சிலமலைக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். தையில் மகள் பிறந்தாள். பதினாறாம் நாள் அம்மா பிள்ளையின் கையை எண்ணெய் தடவிப் பிடித்து, கருவளையலை ஏற்றினாள். அந்தச் சின்ன மணிக்கட்டைக் கறுப்பு வளையம் சுற்றிக்கொண்டதைப் பார்த்ததும் ஓவென்று அழுதேன். பிள்ளை பெற்ற அசதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு என் பொய் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

சித்திரையில் போடிக்குத் திரும்பிய மறுநாளே அந்த அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். பொறுக்கக் காய் இல்லாத மாதம், எதற்கு என்று புரியாமல் வந்தாள். செடி முழுக்கப் பூத்திருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், சாக்கு, மண்கட்டி, வளையல் துண்டு, என் பொய்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வெலைக்கு வாங்குனதுன்னு சொன்னீக. அடுத்தவுக காசு போட்ட செடியாச்சேன்னு தொடல” என்றாள். பிறகு குனிந்து தெற்கு உருண்டையில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பது போல அப்படியே வைத்திருந்தாள்.

கையை எடுக்காமலே மேலே பேசினாள். மகளின் மேட்டில் யாரோ சிம்பு பிரித்த குழியை, பிரித்த அந்த வாரமே பார்த்துவிட்டாளாம்.

“எம்புள்ளகிட்டயே சிம்பு பிரிச்சுட்டாகளேன்னு மண்ண வாரித் தூத்திச் சாபம் விட்டு வஞ்சேன். மறு வருசம் மல சரிஞ்ச பெறகு, அதே ஆளுக்குக் கும்புடு போட்டேன். எங்கனயோ ஒரு சிம்பாச்சும் உசுரோட இருக்கும்ல.”

“என்னன்னுக்கா வஞ்சீக?”

அவள் என் தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் கண் உடனே கீழே போய்விட்டது.

“அதத் திருப்பி வாங்கிக்கிட்டேன் தாயி” என்றாள்.

நான் மாதங்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் முதல் கரு போனது எந்த ஐப்பசி என்று எனக்குத் தெரியும். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலவும், அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.

அவள் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு சிம்பைப் பிரித்தாள். ஏலம் பிரித்த கை, ஒரு வேர் அறவில்லை. மண்ணை விரலால் அளைந்து அந்த வளையல் துண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. போகும்போது பிள்ளையின் காலை மட்டும் ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள். அடுத்த பறிப்புக்கு அவள் வரவில்லை. சிம்போடு மலைக்கே ஏறிவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள்.

அந்த வருஷ மழைக்குப் பிறகு எங்கள் பூமருது வட்டமாகத் தழைத்தது. நாலு பக்கமும் ஒரே அளவு, கடையில் வாங்கியது மாதிரி. ஆடுகள் கடித்தன. துவைக்கிற தண்ணீர் பழையபடி வடக்கே பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் அதற்கும் ஏதோ விளக்கம் வைத்திருந்தார். அக்கா சொன்னதில் பாதியைத்தான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன், மிச்சத்தை இன்றுவரை சொல்லவில்லை.

என் மகளுக்கு நாலு வயதானபோது ஒரு சித்திரை காலையில் கொல்லைக்குப் போனேன். ஒரு பூ விடாமல் உருவிப் பாவாடையில் கட்டிவைத்துக்கொண்டு நின்றாள். வருஷம் முழுக்கக் காத்திருந்து பார்க்கிற பூ. ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அவள் நெற்றியில் அதை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. இன்னும் கொஞ்சம் மொட்டு இருக்கிறது, அதையும் பறித்துக்கொள் என்றேன்.