பேனரில் இருந்த போட்டோ

படூரில் எங்கள் அடுக்ககத்து வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னால், "லாரியே போவுது, உன் காரு போவாதா? பாத்து ஓட்டு" என்பார். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனதும் செய்த முதல் வேலை, அவரையும் வண்டியையும் படம் எடுத்துப் புகார் கொடுத்ததுதான். வண்டியை அகற்றிவிட்டார்கள்.

ஆறு மாதத்தில் அவர் இறந்துபோனார். முன்னாள் ராணுவத்தினர் நாலைந்து பேர் வந்து மலர்வளையம் வைத்து சல்யூட் அடித்தார்கள். கார்கிலில் சண்டை போட்டுவிட்டு வந்துதான் எங்கள் சட்டைகளைத் தேய்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. உடனே பெரிய பேனர் அடித்தேன். 'கார்கில் வீரருக்குக் கண்ணீர் அஞ்சலி.' கீழே என் பெயரும் பதவியும். வண்டி நின்ற அதே இடத்தில் கட்டினேன்.

மறுநாள் அவருடைய மனைவி வந்து பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்வார் என்று பக்கத்தில் போனேன்.

"இந்த போட்டோ ஏது சார்?"

"நான் எடுத்ததும்மா."

"எப்போ?"

என்னிடம் இருந்தது அந்தப் புகார்ப் படம் மட்டும்தான். அதில் வண்டியை வெட்டிவிட்டு, முகத்தைப் பெரிதாக்கியிருந்தேன். படத்தில் அவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி வழிய மறைக்குதுன்னு தூக்க வெச்சியே. இது மறைக்கல? அவுத்துடு."

அவிழ்த்தேன். நீட்டினேன். அந்த அம்மா வாங்காமல் போய்விட்டார்.

பேனர் இன்னும் என் கார் டிக்கியில்தான் கிடக்கிறது. எப்படி மடித்தாலும் முகம் மேலே வந்துவிடுகிறது. திறக்கும்போதெல்லாம் முறைக்கிறார். முறைக்கட்டும்.