என் மனைவியின் மோட்டாருக்கு ஒரு காற்று வடிகட்டி

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என் மனைவிதான். எனக்குக் கார் வரும். இரண்டு சக்கரத்தில் ஏறினால் மட்டும் கால் தானாகத் தரையைத் தேடும். அவள் பார்க்கும் வேலைக்குக் கார் உதவாது. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்குப் போய், மரத்திலிருந்து ஓலையும் மரத்தடியிலிருந்து மண்ணும் எடுத்துப் பையில் போட்டு, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்த மரத்துக்கு என்ன உரம் குறைகிறது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். மலாக்கா மாநிலத்துப் பெம்பானில், எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து புலாவ் செபாங் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை அவளுடைய வட்டாரம்.

முன்பு ஒரு சின்ன கப்சாய் மோட்டார் வைத்திருந்தாள். பல தோட்டங்களில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு தொடங்கியதும் பாதைகள் பாதைகளாக இல்லை. அதை விற்றுவிட்டு, தார்ச்சாலையிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஓடும் வகையில் ஒன்றைப் பழையதாக வாங்கினாள். உயரமான இருக்கை, கட்டை கட்டையாக ரப்பர் வைத்த டயர். அவள் குள்ளம். நின்றால் ஒரு பக்கக் கால்விரல்தான் தரையைத் தொடும். ஒரு வாரம் தாமான் திடலில் சுற்றிச் சுற்றி ஓட்டி, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது என்று பழகிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழை இல்லாத மாதங்கள் வந்தபோதுதான் வம்பு தொடங்கியது. மேட்டில் ஏறும்போது மோட்டார் மூச்சு வாங்குகிறது என்றாள். பெட்ரோலும் அதிகம் குடித்தது. ஜாசினில் எங்களுக்குத் தெரிந்த, மோட்டார் பழுதுபார்க்கும் பெங்கேலுக்குக் கொண்டுபோனோம். அதை நடத்தும் சீனர் என் வயதுக்காரர். மோட்டாரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெட்டிக்குள் இருந்த காற்று வடிகட்டியை வெளியே எடுத்து, சிமெண்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மிளகாய்த்தூளைக் கொட்டியது போல் செம்மண் விழுந்தது. காகித மடிப்புகளில் வெள்ளை என்று ஓர் இடமும் இல்லை.

புதிதாக அதே காகித வடிகட்டியை மாட்டினார். அது அடுத்த மாதமே அடைத்துக்கொண்டது. கம்பெனி சாமானுக்கு மறுபடி சொல்லி வைத்தால் வந்து சேர எத்தனை வாரம் ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. வெளிக் கம்பெனிகள் செய்கிற, கழுவித் திரும்பவும் மாட்டக்கூடிய வடிகட்டி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், நான் மாட்டித் தருகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

தேடும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கதான் எதையும் படிச்சுப் பார்த்து வாங்குவீங்களே, இதையும் பாருங்க" என்றாள். அதில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. சோறு ஆக்கும் பானை ஒன்று வாங்க நான் எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன் என்பது அவள் குடும்பம் முழுக்கத் தெரிந்த கதை.

மலாக்கா டவுனில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. மதிய உணவு நேரத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வடிகட்டியில் இத்தனை சாதி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. காகிதத்தில் செய்தது. எண்ணெய் தடவிய பருத்தித் துணியைக் கம்பி வலைக்குள் மடித்து வைத்தது. எண்ணெயில் ஊறிய ஸ்பாஞ்ச். பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டு நேராக எஞ்சின் வாயில் மாட்டுகிற கூம்பு. ஒருவர் உயிரைக் கொடுத்துப் புகழ்கிற சாமானை அடுத்தவர், அது என் எஞ்சினைத் தின்றுவிட்டது என்று திட்டுவார். படிக்கப் படிக்க நான் தெளிவதற்குப் பதிலாகக் குழம்பினேன். ஆனால் அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலைக்கு என்று நான் செய்யக் கிடைத்த முதல் காரியம் அது.

புலாவ் செபாங்கில் இருக்கும் அவள் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். அவனும் இதே வகை மோட்டார் வைத்திருக்கிறான். நண்பர்களோடு வார இறுதியில் கூட்டமாகக் கிளம்பிப் போவான். பருத்தித் துணி வடிகட்டிதான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். "அத்தான், காத்து நல்லா போகும், பவர் ஏறும், சத்தமே வேற மாதிரி இருக்கும்லா" என்றான். தன் மோட்டாரை முடுக்கியும் காட்டினான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு முடிவுக்கு வந்தால் போதும் என்றிருந்த நானும் அதையே வரவழைத்தேன்.

மாட்டியபின் அவளுக்குப் பிடித்துவிட்டது. மேட்டில் திணறவில்லை. காலையில் அவள் கிளம்பும்போது எழுகிற அந்தக் கனத்த உறுமல், தாமான் முனை திரும்பும் வரை கேட்கும். நான் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று கேட்பேன். நான் தேர்ந்தெடுத்த சத்தம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

எங்கோ படித்த ஒரு சோதனையால் அந்தப் பெருமை கெட்டது. வடிகட்டியைத் தாண்டி எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் குழாயின் உட்புறத்தில் மெல்லியதாக கிரீஸ் தடவி வைக்க வேண்டும். சில நாள் ஓட்டிவிட்டு விரலால் வழித்துப் பார்க்க வேண்டும். வடிகட்டியைத் தப்பித் தூசு உள்ளே வந்திருந்தால் கிரீஸில் ஒட்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை தடவினேன். அடுத்த சனிக்கிழமை அவளையே வழித்துப் பார்க்கச் சொன்னேன். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தாள். என் விரலிலும் கொஞ்சம் தடவினாள். நறநறவென்றிருந்தது.

ஜாசின்காரரிடம் காட்டினோம். ரப்பர் விளிம்பு பெட்டியில் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, அல்லது இவ்வளவு மெல்லிய தூசுக்குத் துணி நெசவு போதவில்லை, எது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். எதுவாக இருந்தாலும் இப்படியே ஓட்டினால் எஞ்சின் உள்ளே தேய்ந்து எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். மைத்துனனுக்குத் தகவல் சொன்னபோது, தனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை என்று அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான். அவன் ஓட்டுவது பெரும்பாலும் தார்ச்சாலையில்.

நான் மறுபடி கைப்பேசியை எடுத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள்.

"படிச்சது போதும். ஒரு நாள் லீவு போட்டுட்டு என் கூட வாங்க."

அப்படித்தான் ஒரு புதன்கிழமை நான் என் மனைவிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தார்ச்சாலை முடியும் வரை பின்னால் இருந்த சாமான் தட்டைப் பிடித்திருந்தேன். தோட்டத்துக்குள் முதல் இறக்கம் வந்ததும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

காலையில் பனியில் நனைந்து படிந்து கிடந்த மண், வெயில் ஏற ஏற மாவாகிவிட்டது. எதிரே பழக்குலை ஏற்றிய லாரி வந்தால் அவள் ஒதுங்கி மரங்களுக்குள் மோட்டாரை விட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி, தூசு அடங்கும் வரை காத்திருப்பாள். நான் முதல் தடவை வாயை மூட மறந்து மண்ணைத் தின்றேன். இரண்டு தோட்டங்களுக்கு நடுவில் பாலம் இல்லாத ஒரு வடிகால் இருந்தது. அதில் பாதிச் சக்கரம் மூழ்க இறங்கி ஏறினாள். தண்ணீர் தெறித்து என் முழங்கால் வரை நனைத்தது. இதையெல்லாம் அவள் சாயங்காலம் வீட்டில் "இன்னைக்கு ரோடு கொஞ்சம் மோசம்" என்ற ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவாள்.

அவள் வேலை செய்வதையும் அன்றுதான் பார்த்தேன். மரத்தின் மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஏறும். அந்தச் சுற்றில் எண்ணிப் பதினேழாவது மட்டையைத்தான் எடுக்க வேண்டும். கழுத்தை அண்ணாந்து, உதடு அசைய எண்ணி, நீளக் கொக்கியால் இழுத்து, மட்டையின் நடுவிலிருந்து ஓலையை நறுக்கிப் பையில் போடுவாள். அடுத்த மரத்துக்கு நடந்துவிடுவாள். நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறையும் வேறு மட்டை வந்தது.

உரம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிலர் அவளைக் கண்டு கையசைத்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்த ஒரு தமிழ் அம்மா, என்னைக் காட்டி, யார் இது என்று கேட்டார்.

"வீட்டுக்காரரு, அக்கா. மோட்டாருக்கு ஃபில்டர் பார்க்க வந்திருக்காரு."

அந்த அம்மாவுக்கு அது எப்படிப் புரிந்ததோ, வெகுநேரம் சிரித்தார். பிறகு, தூசு பொல்லாதது, துணியைக் கொஞ்சம் நனைத்துக் கட்டிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நனைத்துக் கட்டியபின் மூக்கில் அவ்வளவாக ஏறவில்லை.

மதியம் ஒரு பழைய ரப்பர் மரத்து நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். மோட்டாரின் வடிகட்டிப் பெட்டி மூடியை அவள் கழற்றி, காற்று எங்கிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது என்று காட்டினாள். இருக்கைக்கு அடியில், பின்சக்கரம் மண்ணை வாரியடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீரும் தெறிக்கும், தூசும் ஏறும். காகிதம் நனைந்தால் போயிற்று. துணி உட்காரும் விதம் சரியில்லை. கூம்பு என்ற பேச்சே வேண்டாம். அப்போதுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவளுக்கு என்ன வேண்டும்?

"எனக்குச் சத்தம் வேணாம், பவரும் வேணாம். காலையில எடுத்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரணும். அவ்வளவுதான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு உருளைக்கிழங்குத் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சொன்னாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது. இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச். வெளியே பெரிய கண் உள்ளது, உள்ளே நெருக்கமான கண் உள்ளது. எண்ணெயில் ஊறிய ஸ்பாஞ்ச் தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் தெறித்தாலும் கெடாது, வீட்டிலேயே கழுவலாம். அடிக்கடி கழுவ வேண்டும் என்பதுதான் அதன் ஒரே தொல்லை. கழுவுவது என் பொறுப்பு என்று நானே சொன்னேன்.

ஸ்பாஞ்ச் வந்தது. ஜாசின்காரர் அதை, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூட்டின்மேல் இழுத்து மாட்டி, விளிம்பைச் சுற்றி கிரீஸ் வைத்து, பெட்டியில் அழுத்தி உட்கார வைத்தார். இந்தத் தடவை எல்லாப் பக்கமும் ஒட்டியது.

நான் முதல் முறை கழுவியபோது நேர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவினேன். முறுக்கினால் கிழிந்துவிடும் என்று படித்திருந்ததால் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத்தான் கையாண்டேன். நிழலில் உலர்த்தினேன். எண்ணெய் ஊற்றும்போதுதான் பாசம் அதிகமாகிவிட்டது. தூசு எப்படியும் உள்ளே போகக்கூடாது என்று தாராளமாக ஊற்றிவிட்டேன். திங்கட்கிழமை காலை மோட்டார் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அவள் ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்தாள். இருவரும் குனிந்து ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, பழைய நாளிதழ்களுக்கு நடுவில் வைத்து அமுக்கினோம். வடிகட்டி எண்ணெயின் நிறத்தில் தாள்கள் நீலமாக ஊறின. கை முழுக்கப் பிசுபிசுப்பு. அவள் தாமதமாகக் கிளம்பினாள், நானும் தாமதமாகத்தான் அலுவலகம் போனேன். மதியம் கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நல்லா ஓடுது." அதை நான் சக ஊழியர்களிடம் காட்டினேன். என்ன விஷயம் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

சில வாரம் கழித்து அந்தக் குழாயில் கிரீஸ் தடவி மறுபடி சோதித்தோம். விரலில் வழவழப்பு மட்டும்தான் இருந்தது. அவள் தன் விரலை என் சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. மாற்றி மாற்றிப் போட இரண்டாவது ஸ்பாஞ்ச் ஒன்றும் வாங்கிவிட்டோம். எவ்வளவு எண்ணெய் என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டது. ஊற்றி, அமுக்கி, பிழிந்து, எங்கும் ஒரே நிறமாகப் பரவியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அவளோடு தோட்டத்தில் வேலை பார்க்கும் மலாய்ப் பெண்ணும் தன் மோட்டாருக்கு இதே மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறாள். கழுவும் முறையை எனக்கு வந்த மலாயில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், காரை எடுக்கவா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லி மோட்டாரிலேயே தஞ்சோங் கிளிங் வரை என்னை அழைத்துப் போனாள். மண் இல்லாத, மேடு பள்ளம் இல்லாத கடலோரச் சாலை. சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து, மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரேங் சொன்னோம். அடுத்த மாதம் அவளுக்குப் புதிதாகக் கொடுத்திருக்கிற தோட்டத்தைப் பற்றிப் பேசினாள். அங்கே இளம் மரங்களாம், அண்ணாந்து பார்க்கவே வேண்டாமாம், கழுத்துக்கு நல்லது என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கடல் பக்கமிருந்து மழை வந்துவிட்டது. மோட்டார் வெளியே நனைந்துகொண்டு நின்றது. இருவருக்கும் எழுந்திருக்க மனமில்லை. அவள் கையைத் தூக்கி இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.